பால்வெட்டு இல்லாத மழைநாளில் பிடில் கேட்பது எப்படி

முதலில் நாற்காலியை ஓரமாக ஒதுக்கிப் போடுங்கள். இங்கிலாந்தின் பழைய கிராமிய நடன இசையை உட்கார்ந்து கேட்டால் பாதிதான் பிடிபடும். மீதி காலில் இருக்கிறது. கச்சேரி கேட்டு வளர்ந்த நாம் தொடையில் தாளம் போடுவோம், தலையை ஆட்டுவோம், ரொம்பப் பிடித்துப் போனால் ஒரு "ஆகா" சொல்வோம். இந்த இசைக்கு எழுந்து நடக்க வேண்டும். ஆடச் சொல்லவில்லை. திண்ணையில் முன்னும் பின்னும் நடந்தால் போதும்.

நான் அருமனைப் பக்கத்துக்காரன். கொஞ்ச தூரம் போனால் வெள்ளறடை, அதாவது கேரளம். கொஞ்சம் ரப்பர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவோடு வயலின் வாசிப்பேன். ஐப்பசி பிறந்துவிட்டால் இரண்டில் வயலினுக்குத்தான் நேரம் அதிகம் கிடைக்கும். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், வெட்டின பால் சிரட்டைக்கு வராமல் மரத்தின் மேலேயே பரந்து வழிந்துவிடும். அன்றைக்குக் கத்தியைத் தொடுவதில் அர்த்தமில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டுவிட்டு ஸ்பீக்கரை ஆன் செய்யலாம்.

ஏன் குறிப்பாக இந்த மாதங்கள்? இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். அங்கே கோதுமையும் பார்லியும் வீட்டுக்கு வந்து, பண்ணைக்காரர் வேலையாட்களுக்கு விருந்து வைத்து, களஞ்சியத்தின் தரையைப் பெருக்கி ஆடின காலம் அதை ஒட்டித்தான். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுப்பு முடிவதும் ஏறக்குறைய அதே சமயம். இன்று இங்கிலாந்துக் கோயில்களில் நடக்கிற அறுப்பின் பண்டிகைக்கு வழி காட்டியவர் என்று கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் போதகர் ராபர்ட் ஹாக்கரைச் சொல்வார்கள். அவர் 1843ல் அதை நடத்தினார். நம் சபையில் ஏத்தன் குலையும் தேங்காயும் சேனையும் கொண்டுவந்து வைத்து ஏலம் விடுகிறோமே, அதுவும் அந்த வம்சம்தான். எனவே இந்த இசையின் பருவம் நமக்கு அந்நியமில்லை. குளிர்தான் இல்லை, மழை இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நம்மவர்களுக்கு ஒரு வாசல் இருநூறு வருஷத்துக்கு மேலாகவே திறந்து கிடக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்த காலத்தில், சென்னை ஜார்ஜ் கோட்டையில் கும்பினிக்காரர்களின் பாண்டு வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வர சாகித்யங்கள். நாற்பதுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன, எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில். அவற்றில் "கமலாசன வந்தித" என்று தொடங்குவது கேலப்பீட் என்ற நடன மெட்டு. திருவாரூர்க் கமலாம்பாள் மேல் பாடியது. ஆனால் அதே மெட்டுக்கு இங்கிலாந்துக் கிராமத்து மண்டபங்களில் இன்றும் பிள்ளைகளும் பாட்டிகளும் கை கோத்து ஆடுகிறார்கள். தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி அந்தக் காலத்தில்தான் வயலின் கற்றார், பின்னால் எட்டயபுரம் அரண்மனை வித்வானாகவும் இருந்தார். இன்று நாம் கச்சேரி மேடையில் வயலின் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. இந்த நடன மெட்டுகள் வந்ததும் அதே கோட்டைப் பக்கத்திலிருந்துதான் என்பது எனக்கு எப்போதும் ஒரு தனி சந்தோஷம்.

ஆகவே முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். யாராவது ஒரு சின்னப் பிள்ளை பாடின "கமலாசன வந்தித" யூடியூபில் நிறைய உண்டு. அதை ஒருமுறை கேளுங்கள். உடனே கேலப்பீட் என்று தேடி, பிடிலும் அக்கார்டியனும் வாசிக்கிற பதிவு ஒன்றைப் போடுங்கள். சுரம் அதேதான். ஆனால் ஒன்று கும்பிட்டு நிற்கிறது, இன்னொன்று துள்ளிக்கொண்டு ஓடுகிறது. கமகம் இல்லை, இழைப்பு இல்லை. வில் சின்னச் சின்னதாக வெட்டி வெட்டிப் போகும், ஒவ்வொரு அடியின் தலையிலும் ஒரு அழுத்தம் விழும். அந்த அழுத்தம் காலுக்கு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. வெறுமனே கன்ட்ரி டான்ஸ் என்று போட்டால் அமெரிக்கத் தொப்பிக்காரர்கள் வரிசையில் நின்று பூட்ஸ் தட்டுவதுதான் வரும். முன்னால் இங்கிலிஷ் என்று சேருங்கள், அல்லது பிளேஃபோர்ட் என்று போடுங்கள். பார்ன் டான்ஸ், கெய்லி என்று போட்டாலும் சொந்தக்கார இசை வரும், அது கொஞ்சம் ஆரவாரமானது.

பிளேஃபோர்ட் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1651ல், இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி இரண்டே வருஷம் ஆகியிருந்த சமயத்தில், 105 நடனங்களை மெட்டோடும் ஆடும் முறையோடும் அச்சிட்டு விற்றார். புத்தகம் நன்றாகப் போயிற்று. கூட்டியும் கழித்தும் அடுத்த முக்கால் நூற்றாண்டில் 18 பதிப்புகள் வந்தன. கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அதில் மெட்டு மட்டுமே இருக்கிறது, பக்கச் சுருதி எதுவும் எழுதப்படவில்லை. அதனால் ஒவ்வொரு குழுவும் தன் கற்பனைப்படி துணை சேர்த்துக்கொள்கிறது. ஒரே மெட்டை நாலு குழு வாசித்தால் நாலு விதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பிறகு இந்த நடனங்கள் பெரிய இடத்தில் மங்கிப்போய், சில கிராமங்களில் மட்டும் மிச்சமிருந்தன. 1899 டிசம்பர் 26ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டனில் வில்லியம் கிம்பர் என்ற கொத்தனார் கான்சர்ட்டினா என்ற கைத்துருத்திப் பெட்டியை வாசிக்க, மாரிஸ் என்ற கிராமியச் சடங்கு ஆட்டத்தை ஆட்டக்காரர்கள் ஆடியதை செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் ஜன்னல் வழியே பார்த்தார். அதிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கிராமம் கிராமமாகப் போய் எழுதினார், பிளேஃபோர்டின் பழைய குறிப்புகளைப் பிரித்து ஆடும்படி செய்தார், 1911ல் ஒரு சங்கமும் அமைத்தார். லண்டன் கேம்டனில் அவர் பெயரில் 1930ல் திறந்த மாளிகை இன்றும் இதற்குத் தலைமையிடம்.

இனி எண்ணுவது. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பாகம் இரண்டு தடவை, அடுத்த பாகம் இரண்டு தடவை. நடக்கிற அடியாக எண்ணினால் ஒவ்வொரு பாகமும் 16 அடி. ஆக ஒரு சுற்றுக்கு 64 அடி. நமக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி, ஏனென்றால் 64 அடி என்பது எட்டு ஆதிதாளம். கையில் ஆதிதாளம் போடத் தெரிந்தவர் யாரும் இதில் தொலைந்துபோக மாட்டார். ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு அசைவும் எட்டு அடிக்குள் முடிந்து அடுத்தது தொடங்கும். முன்னே நாலு அடி, பின்னே நாலு அடி. அது ஒரு தாளம். எதிரில் நிற்பவரோடு இடம் மாறுவது ஒரு தாளம். சாதாரணமாக ஆடுகிற வேகத்தில் ஒரு சுற்று அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆகவே மெட்டு தொடங்கியதும் திண்ணையின் ஒரு முனையிலிருந்து நடங்கள். எட்டாவது அடியில் திரும்புங்கள். திரும்பிய இடத்தில் மெட்டும் மூச்சு விட்டுத் திரும்பும். பதினாறாவது அடியில் அது ஒரு வாக்கியத்தை முடித்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிடலாம், கால் தானாகத் திரும்பும். இங்கேதான் இசை உள்ளே வருகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு இது வெறும் எளிய மெட்டு. நடப்பவருக்கு அடுத்த திருப்பம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு உண்டு, அது வந்ததும் ஒரு நிறைவு உண்டு.

அடி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றாலும் அடிக்குள் இருக்கிற நடை மாறும். ஜிக் என்பது அடிக்கு "தகிட": "தகிட தகிட" என்று உருண்டு போகும். திஸ்ர நடை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேஸ்ட் டு தி வெடிங் என்ற மெட்டு இதற்கு நல்ல மாதிரி. ரீல் என்பது "தகதிமி", சமமாக ஓடும். கேலப்பீட், ஸ்பீட் தி ப்ளவ், சோல்ஜர்ஸ் ஜாய் எல்லாம் இந்த வகை. ஹார்ன்பைப் என்பதும் நாலுதான், ஆனால் நொண்டி நொண்டிப் போகும், ஒன்று நீண்டு அடுத்தது குறுகி "தாக தீமி" என்று. இந்த மூன்றையும் காதால் பிரிக்கத் தெரிந்தால் ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கேட்கலாம்.

நாலாவதாக ஒன்று உண்டு, என் மனதுக்கு மிக நெருக்கமானது. மூன்று அடிக்கு ஒரு தாளமாக நிதானமாக நடக்கிற பழைய ஹார்ன்பைப். மேலே சொன்ன நொண்டி ஹார்ன்பைப்போடு இதைக் குழப்ப வேண்டாம். பெயர் மட்டும்தான் ஒன்று. ஹென்றி பர்செல் 1695ல் ஒரு நாடகத்துக்கு எழுதின மெட்டு ஒன்று பிறகு ஹோல் இன் தி வால் என்ற நடனமாயிற்று. அதே வருஷத்தைச் சேர்ந்த மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட் என்பதும் இப்படித்தான் நடக்கும். ஜேன் ஆஸ்டினின் கதைகளைப் படம் எடுப்பவர்கள் நாயகனையும் நாயகியையும் முறைத்துக்கொண்டே ஆடவைப்பதற்கு இதைத்தான் பிடித்துப்போடுவார்கள். அந்த அம்மையார் வாழ்ந்த காலத்தில் அது நூறு வருஷப் பழசு என்பதெல்லாம் சினிமாவுக்குத் தேவையில்லை. ஆனால் மெட்டு அருமை. ரூபகம் போல மூன்று மூன்றாகக் கையில் எண்ணிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். அழுத்தம் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் விழாமல் ஒரு சின்ன நழுவல் நழுவும். அந்த நழுவலில்தான் அதன் அழகு முழுக்க இருக்கிறது. இதை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கேட்டால் எடுபடாது, அது என் அபிப்பிராயம்.

இப்போது ஒரு நியாயமான புகாருக்கு வருகிறேன். என் அம்மா அடுக்களையிலிருந்து கேட்பார்கள்: "மக்களே, இது எப்பம் முடியும்? ஒரே பாட்டையே திரும்பத் திரும்ப அடிக்கான்." அம்மா சொல்வது சரிதான். ஒரே மெட்டு ஏழு தடவை, எட்டுத் தடவை வரும். ஆலாபனையும் நிரவலும் எதிர்பார்க்கிறவருக்கு இது சலிப்பு.

ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆட்டக்காரர்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசைகளில் நிற்பார்கள். பக்கத்து ஜோடியோடு சேர்ந்து ஒரு சுற்று ஆடி முடிக்கும்போது ஒவ்வொரு ஜோடியும் ஒரு இடம் நகர்ந்திருக்கும். ஒரு ஜோடி கீழ்நோக்கிப் போகும், மற்றது மேல்நோக்கி. அடுத்த சுற்றுக்கு எதிரில் புது முகம். மெட்டு மாறவில்லை, ஆள் மாறிவிட்டது. எட்டுச் சுற்று என்றால் எட்டு ஜோடிகளைச் சந்தித்து, சிரித்து, கை கொடுத்துக் கடந்திருப்பீர்கள். ஊர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு. அறுப்பு முடிந்த ராத்திரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்கிறது? வீடியோ ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். புது முகம் வருகிற இடம் தெரியும்.

கூடவே வாத்தியக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம். முதல் சுற்றில் மெட்டை நேராக வைப்பார்கள். மூன்றாவது நாலாவது சுற்றில் பியானோ கீழே இறங்கி வேறொரு பாதையில் நடக்கும், பிடில் ஒரு ஸ்தாயி மேலே போகும், ஒரு சுற்றில் பியானோ முழுக்க நின்றுவிட்டுக் கடைசிப் பாகத்தில் வந்து விழும். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த பேர் நெசசிட்டீஸ் குழுவின் பதிவுகள் இதற்கு நல்ல பாடம். ஜாக்குலின் ஷ்வாப் பியானோ வாசிக்கிற விதத்தை மட்டும் பின்தொடர்ந்தாலே போதும். பழைய வாத்தியங்களோடு பிளேஃபோர்ட் காலத்துச் சாயலில் கேட்க வேண்டுமானால் பிராட்சைட் பேண்ட். மண்வாசனையோடு, கொஞ்சம் மெதுவாக, கால் ஊன்றி வாசிப்பது வேண்டுமானால் ஓல்ட் ஸ்வான் பேண்ட். எனக்கு மூன்றாவதுதான். முதலாவது மிக அழகு, ஆனால் மழைச் சத்தத்தில் கரைந்துவிடுகிறது.

கம்பு தட்டி ஆடுகிற நம் களியலோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். களியலில் ஆசான் பாட்டை நிதானமாக எடுத்து வேகம் ஏற்றிக்கொண்டே போவார்; கம்படி நெருங்கி நெருங்கி வந்து பார்க்கிறவனுக்கே மூச்சு வாங்கும். இங்கே அது கிடையாது. தொடங்கின வேகத்திலேயே முடிய வேண்டும். வேகத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் குழுவின் திறமை, ஏனென்றால் வரிசையில் எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக்காரியும் நிற்பார்கள். அதனால் உச்சத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

வாத்தியங்களில் பிடில் தெரிந்ததுதான். கான்சர்ட்டினாவை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: ஆறு பக்கப் பெட்டி, நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான். கிம்பர் வாசித்த வகையில் துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். மெலோடியன் என்ற சின்ன அக்கார்டியனும் அப்படித்தான். நம் ஹார்மோனியத்தில் துருத்தி காற்றுக்கு மட்டும், சுரம் கட்டையில் இருக்கிறது. அதனால் இழுத்து நீட்டி வாசிக்க வரும். இவற்றில் கை அடிக்கடி திசை மாற வேண்டியிருப்பதால் இசை தானாகவே துள்ளும். இன்னும் பழைய ஜோடி ஒன்று உண்டு: மூன்றே துளை கொண்ட குழலை இடது கையால் ஊதிக்கொண்டு, இடுப்பிலோ கையிலோ தொங்குகிற சின்னத் தம்பட்டத்தை வலது கையால் அடிப்பது. ஒரே ஆள், முழு பாண்டு. மேளக்காரர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

பருவத்துக்கு ஏற்ற மெட்டுகள் என்று கேட்டால், பெயரைப் பார்த்துப் பொறுக்குவது ஒரு விளையாட்டு. ஹார்வெஸ்ட் ஹோம் என்ற ஹார்ன்பைப்பைத் தவறவிடாதீர்கள், நொண்டி நடைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. பிளேஃபோர்டின் முதல் பதிப்பிலேயே ஜென்னி பிளக் பேர்ஸ் இருக்கிறது, பேரிக்காய் பறிக்கிற ஜென்னி. மூன்று ஜோடி வட்டமாக நின்று ஆடுவது. அதே பதிப்பில் செஸ்ட்நட் என்று ஒன்று, அங்கே இலையுதிர் காலத்தில் சுட்டுத் தின்கிற கொட்டையின் பெயர். மெட்டு கொஞ்சம் மங்கலான மனநிலையில் இருக்கும், மூடின வானத்துக்குச் சரி. பழைய மெட்டுகளில் பல இப்படித்தான் சங்கராபரணத்தை விட்டு விலகிக் கரகரப்பிரியாவின் சுரங்களிலோ நடபைரவியின் சுரங்களிலோ நிற்கும். சுரங்கள் மட்டும்தான், ராகத்தைத் தேடினால் கிடைக்காது, தேடவும் வேண்டாம். சைல்ட்குரோவ் என்பதைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

செப்டம்பரில் ஸ்டாஃபர்ட்ஷயரில் அபட்ஸ் பிரோம்லி என்ற ஊரில் கலைமான் கொம்புகளைச் சுமந்துகொண்டு ஆறு பேர் ஆடுவார்கள். நாள் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போவார்கள். அந்தக் கொம்புகளைப் பரிசோதித்ததில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அது வேறு வகை, சடங்கு ஆட்டம், நீங்களும் நானும் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது. பார்க்க வேண்டியது, அவ்வளவுதான்.

வீட்டில் ஆள் இருந்தால் கேலப்பீட்டை நடந்தே பார்த்துவிடலாம். நாலு ஜோடி போதும். ஹாலில் சாமான்களை ஒதுக்கி, எதிரெதிரே இரண்டு வரிசை. முதல் எட்டு அடி: எல்லோரும் முன்னே நாலு, பின்னே நாலு. அடுத்த எட்டு: எதிராளியின் இடத்துக்கு மாறுவது. இதையே திரும்பச் செய்தால் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அடுத்த பதினாறு அடி ஜோடியாகக் கை பிடித்துச் சுற்றுவது. கடைசிப் பதினாறில் தலை ஜோடி மட்டும் கை கோத்துக்கொண்டு வரிசைகளின் நடுவே கீழ்க்கோடிக்கு ஓடுவது. மற்றவர்கள் கை தட்டிக்கொண்டு ஒரு இடம் மேலே ஏறுவது. அடுத்த சுற்றுக்குப் புதுத் தலை ஜோடி. பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி ஓட்டம்தான் எல்லாமே. என் அளியன், அதாவது மைத்துனர், வந்தால் முதலில் "எனக்கு முட்டு வேதனை" என்று சொல்லி நாற்காலியில் சாய்வார். இரண்டாவது சுற்றில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் முட்டு வேதனையைக் காணோம். வயதானவர்களுக்குச் சுற்றுவது வேண்டாம், இரண்டு கையையும் பிடித்து மெதுவாக ஒருமுறை திரும்பினால் போதும். மொசைக் தரையில் மழை ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்; செருப்பில்லாமல் ஆடுவது நல்லது.

துலாமழைக் காலத்துக்கு வேறு சில காரியங்கள். ஷீட் கூரை வீடென்றால் பலத்த மழையில் ஸ்பீக்கர் தோற்றுவிடும். அப்போது ஒலியைக் கூட்டாதீர்கள், கான்சர்ட்டினா கீச்சிடத் தொடங்கிவிடும். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மழை ஓயட்டும். இங்கே மத்தியானத்துக்கு மேல் இடி வெட்டும், கரண்டும் போகும், நெட்டும் போகும். எனவே காலையிலேயே பாட்டுகளை போனில் இறக்கி வையுங்கள், சார்ஜும் போட்டு வையுங்கள். மின்னலடிக்கும்போது பிளக்கில் மாட்டின பெட்டியில் கேட்க வேண்டாம். கூடத் தின்ன என்ன என்றால், மயக்கின மரச்சீனியும் காந்தாரிச் சம்மந்தியும். இங்கிலாந்துக்காரர்கள் ஆப்பிள் சைடர் குடிப்பார்கள், நமக்கு சுக்குக் காப்பி.

வயலின் வாசிப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். சபையில் வாசிக்கிற மாதிரி மேற்கத்திய சுருதியில் கட்டியிருந்தால் அப்படியே தொடங்கலாம். கர்நாடக முறையில் ச-ப-ச-ப கட்டுபவர்கள் தந்தியை மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டாலும் மெட்டு வரும், விரல் கொஞ்சம் அதிகம் நடக்கும். வில்லின் நடுப்பகுதியை மட்டும் வைத்து, ஒரு சுரத்துக்கு ஒரு வில் என்று சின்னதாகப் போடுங்கள். நீண்ட வில் வேண்டாம். பாமாலை வாசித்துப் பழகின கைக்கு இது முதலில் கஷ்டம், ஏனென்றால் அங்கே சபை பாடி முடிக்கும் வரை சுரத்தைத் தாங்க வேண்டும். இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு துளி காற்று விட வேண்டும். ஜிக் வாசிக்கும்போது மூன்றில் முதலாவதை மட்டும் அழுத்துங்கள். காலால் தரையில் அடி தட்டிக்கொண்டே வாசியுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு டார்செட் கிராமங்களில் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் இப்படித்தான் பிடில் வாசிக்கப் போவார். அவர்கள் வீட்டில் கோயில் பாட்டும் ஆட்டப் பாட்டும் வாசித்தது அதே கைகள்தான். சபைக்காரர் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

மெட்டுகளின் நொட்டேஷன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செசில் ஷார்ப் மாளிகையில் இருக்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம் பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. ஏபிசி நொட்டேஷன் என்று ஒரு முறையும் உண்டு. மெட்டை வெறும் எழுத்துகளால் எழுதுவது, நம் சரிகம எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். ஒரே மெட்டு பல சுருதிகளில் கிடைத்தால் ஜி அல்லது டி மேஜரில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், திறந்த தந்திகள் கூடவே ஒலிக்கும். முதலில் கேலப்பீட், அப்புறம் ஹார்வெஸ்ட் ஹோம், அதற்குப் பிறகுதான் பெவரிட்ஜ். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மூன்றடி மெட்டை முதலில் எடுத்தவர்கள் பெரும்பாலும் வில்லைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.